பழைய ராணுவ ரைபிளில் .22 சுடுவது: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

பழைய லீ என்ஃபீல்டோ மவுசரோ ஸ்பிரிங்ஃபீல்டோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்தே தீரும்: இதே துப்பாக்கியைத் தோளில் வைத்து, சின்னத் தோட்டாவில் நிறையச் சுட்டுப் பழக வேண்டும். நியாயமான ஆசைதான். முழுத் தோட்டா விலை கூடியது, உதை பலமானது, சத்தம் பெரியது. அதற்கேற்ற நீளமான சுடுதளமும் எல்லோருக்கும் கிடைத்துவிடாது. லீ என்ஃபீல்டின் .303 தோட்டாவின் குண்டு சுமார் 11.3 கிராம் எடையோடு நொடிக்கு 740 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. .22 லாங் ரைபிள் பந்தயத் தோட்டாவின் குண்டு 2.6 கிராம்தான், வேகமும் 330 மீட்டர் அளவில்தான். ஆற்றலில் இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம். 25 மீட்டர் தளத்தில் ஒரு மாலை முழுக்கப் பழக எது உதவும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

இந்த ஆசையை நிறைவேற்ற ஐந்தாறு வழிகள் உண்டு. எல்லாமே ஏதோ ஒரு ராணுவமோ துப்பாக்கிக் கம்பெனியோ முன்பே செய்து பார்த்தவை. அதனால் எதில் என்ன கோளாறு வரும் என்பது நமக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நல்ல நிலையில் இருக்கும் பழைய ரைபிளைத் திரும்ப முடியாதபடி மாற்றக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. மற்றதெல்லாம் உங்கள் தேவையைப் பொறுத்தது.

முதலில் ஓர் அடிப்படை. .303 குழலில் .22 தோட்டாவை அப்படியே சுட முடியாது. .303 குண்டின் விட்டம் சுமார் 7.9 மி.மீ. .22 குண்டு 5.7 மி.மீ. அவ்வளவு பெரிய குழலுக்குள் இந்தச் சின்னக் குண்டு, குண்டைச் சுழல வைக்க உள்ளே வெட்டிய சுழல்வரிகளைத் தொடக்கூட செய்யாது. சுழலாத குண்டு நேராகப் போகாது. போதாததற்கு, .22 தோட்டாவை அதன் விளிம்பில் அடிக்க வேண்டும், ராணுவத் தோட்டாவை நடுவில் அடிக்க வேண்டும். ஆக, குழலும் மாற வேண்டும், தோட்டாவை அறைக்குள் தள்ளி மூடும் போல்ட்டின் முகப்பும் மாற வேண்டும். எந்த வழியில் போனாலும் இந்த இரண்டுக்கும் ஒரு பதில் இருந்தாக வேண்டும். அந்தப் பதிலை எவ்வளவு நிரந்தரமாகச் செய்கிறார்கள் என்பதில்தான் வழிகள் வேறுபடுகின்றன.

பழமையான பதில் செருகுகுழல். 1880களில் பிரிட்டனில் ரிச்சர்ட் மோரிஸ் என்பவர் கொண்டுவந்த மோரிஸ் குழாய், அந்நாள் பிரிட்டிஷ் ராணுவத்தின் மார்ட்டினி ஹென்றி ரைபிளின் பெரிய குழலுக்குள் நுழைக்கிற மெல்லிய குழாய். அதற்கென்றே .297/230 என்று ஒரு குட்டித் தோட்டாவும் வந்தது. பழகி முடித்ததும் குழாயை வெளியே எடுத்துவிட்டால் துப்பாக்கி பழையபடி போருக்குத் தயார். பிறகு ஜெர்மனியில் எர்மா நிறுவனம் மவுசர் 98 ரைபிளுக்கு இதே யோசனையை .22 லாங் ரைபிளுக்காகச் செய்தது: உள்ளே செருக ஒரு குழல், மாற்றிப் போட ஒரு தனி போல்ட், சின்னதாக ஒரு மேகசின், எல்லாம் ஒரே பெட்டியில். சுவிட்சர்லாந்தில் கே31 ரைபிளுக்கு லீன்ஹார்ட் செருகுகுழல்கள் உண்டு.

இந்த வழியை எனக்கு மிகவும் பிடிக்கும். காரணம் ஒன்றுதான்: துப்பாக்கிக்கு எதுவும் ஆவதில்லை. பாகங்களின் வரிசை எண்கள் பொருந்திய அசல் ரைபிள் அசலாகவே இருக்கும். காலையில் .22 சுட்டுவிட்டு, வேண்டுமென்றால் இன்னொரு நாள் முழுத் தோட்டாவும் சுடலாம். எடை, மரக்கட்டை, முன்குறி, பின்குறி எதுவும் மாறாது. விசை இழுக்கும் விதமும் பெரும்பாலும் அப்படியேதான்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. செருகுகுழல் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே இறுக்கத்தில் உட்கார வேண்டும். கொஞ்சம் தளர்ந்தால் குண்டு விழும் இடம் நகர்ந்துவிடும். பழகுபவர் தன் மூச்சையும் விசை இழுப்பையும் குறை சொல்லிக்கொண்டிருப்பார், தப்பு குழலில் இருக்கும். இன்னொன்று ஈரம். செருகுகுழலுக்கும் வெளிக்குழலுக்கும் நடுவில் உள்ள மெல்லிய இடைவெளியில் ஈரம் தங்கினால் உள்ளே துரு பிடிப்பது வெளியே தெரியாது. சுட்டு முடித்த அன்றே வெளியே எடுத்து இரண்டையும் துடைத்து எண்ணெய் இட வேண்டும். அதற்கு முன் பழைய, அரிக்கும் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) கொண்ட ராணுவத் தோட்டா சுட்டிருந்தால் வெளிக்குழலை முழுமையாகக் கழுவிச் சுத்தம் செய்த பிறகே செருகுகுழலை உள்ளே விட வேண்டும். அசல் எர்மா பெட்டிகளும் லீன்ஹார்ட் குழல்களும் இன்று சேகரிப்பாளர் விலைக்குப் போய்விட்டன என்பதும் உண்மை.

அடுத்தது நிரந்தர மாற்றம். இதில் இரண்டு வகை. ஒன்று, பழைய குழலைக் கழற்றிவிட்டுப் புதிய .22 குழல் போடுவது. மற்றது, பழைய குழலின் உள்ளே துளையைப் பெரிதாக்கி, சுழல்வரி போட்ட மெல்லிய குழாயை உள்ளே விட்டுப் பற்றவைப்பது. இந்த இரண்டாம் வகையில் பேர் வாங்கியவர்கள் பர்மிங்ஹாமின் ஏ.ஜி. பார்க்கர் கம்பெனியார், பின்னாளில் பார்க்கர் ஹேல். 'பார்க்கரைஃபிளிங்' என்ற பெயரே வந்துவிட்டது.

பிரிட்டன் இதைப் பெரிய அளவில் செய்ததற்குப் பின்னணி உண்டு. 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில் தங்கள் சிப்பாய்களின் குறி எவ்வளவு மோசம் என்பதைப் பார்த்து பிரிட்டிஷார் அதிர்ந்துபோனார்கள். தளபதி லார்ட் ராபர்ட்ஸ் போன்றவர்கள் ஊர்தோறும் சிறு காலிபர் (குழல் விட்டம் சிறிய) ரைபிள் கிளப்கள் வேண்டும் என்று பிரசாரம் செய்தார்கள். 1901இல் தொழிலாளர் ரைபிள் கிளப்களுக்கான சங்கம் தொடங்கியது. 1903இல் அது மினியேச்சர் ரைபிள் கிளப் சங்கமானது. 1947இல் தேசிய ஸ்மால்போர் ரைபிள் சங்கம் என்று பெயர் மாறியது. ராணுவமும் சும்மா இருக்கவில்லை. லீ என்ஃபீல்டுக்கு முந்தைய, காலாவதியான லீ மெட்ஃபோர்டுகளை .22 ஆக மாற்றி 1907இல் பயிற்சி ரைபிளாக ஏற்றுக்கொண்டது. முதல் உலகப் போருக்குப் பின் எஸ்.எம்.எல்.இ. என்ற குட்டை லீ என்ஃபீல்ட் ரைபிள்களை மாற்றி உருவாக்கியதுதான் பின்னாளில் நம்பர் 2 மார்க் 4 என்று பெயர் பெற்ற பயிற்சி ரைபிள். ஒரு நேரத்தில் ஒரு தோட்டாதான். கையால் வைத்துச் சுட வேண்டும். .303 மேகசின் பெட்டியின் உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு வெற்றுக்கூடாக விட்டிருந்தார்கள். சுட்ட வெற்றுத் தோட்டாக்கள் அதற்குள்ளேயே விழும். எளிமையான, புத்திசாலித்தனமான ஏற்பாடு.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம், ராணுவம் எந்த ரைபிள்களை மாற்றியது என்பது. பெரும்பாலும் காலாவதியானவை, குழல் தேய்ந்தவை, போருக்கு இனி உதவாதவை. நாமும் அதே விதியைப் பின்பற்றலாம். உங்களிடம் இருப்பது எண்கள் பொருந்திய, குழல் பளிச்சென்று இருக்கிற ரைபிள் என்றால் அதைத் துளையிட யாரிடமும் கொடுக்காதீர்கள். போன பிறகு அந்தக் குழல் திரும்பி வராது. சேகரிப்பு மதிப்பும் போய்விடும். அதே நேரம் குழல் அரித்து, சுழல்வரி மழுங்கி, மரக்கட்டையை யாரோ ஏற்கெனவே வெட்டிவிட்ட ரைபிளாக இருந்தால் கதையே வேறு. சுவரில் தொங்குவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. அதற்கு .22 உட்குழாய் போடுவது உண்மையில் உயிர் கொடுப்பது. இந்த இடத்தில் நான் முழு மனதோடு நிரந்தர மாற்றத்தைப் பரிந்துரைப்பேன்.

துல்லியத்தில் இதுதான் செருகுகுழலை விட மேல். குழாய் அசையாது, ஒவ்வொரு சுற்றிலும் ஒரே நிலை. .22 குழல்களுக்குப் பழகிப்போன சுழல்வரி முறுக்கு 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று; .303க்கு 10 அங்குலத்துக்கு ஒன்று. புதிய உட்குழாய் தனக்கு வேண்டிய முறுக்கோடு வருகிறது, அதனால் ஈயக் குண்டுக்குத் தேவையற்ற வேகச் சுழற்சி இல்லை. .22இன் வெடிமருந்து சுமார் 40 செ.மீ. குழலிலேயே தன் வேலையை முடித்துவிடும், மிச்ச நீளம் குண்டை வேகப்படுத்தாது என்பார்கள். அது சரிதான். ஆனால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையில் உள்ள தூரத்துக்காகவும், கையில் இருக்கும் எடைக்காகவும் முழு நீளம் வேண்டும். ராணுவங்கள் முழு நீளத்தை விடாமல் வைத்திருந்ததற்கும் இதுவே காரணம்.

வேலை செய்பவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இது வீட்டில் செய்து பார்க்கிற வேலை இல்லை. உரிமம் பெற்ற துப்பாக்கித் தச்சரிடம்தான் போக வேண்டும். பல நாடுகளில் குழல் மாறினால் உரிமத்தில் காலிபரும் மாற வேண்டும்; செருகுகுழலையே தனித் துப்பாக்கிப் பாகமாகக் கணக்கில் எடுக்கும் சட்டங்களும் உண்டு. சிஐபி என்ற சர்வதேச துப்பாக்கிச் சோதனை அமைப்பில் உள்ள நாடுகளில் புதிய குழலுக்கு மறுபடி அழுத்தச் சோதனை முத்திரை தேவைப்படும். பணம் கொடுப்பதற்கு முன் இவற்றை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தோட்டா வடிவத்தில் ஒரு கூடு செய்து, அதற்குள் .22 தோட்டாவை வைத்து ரைபிளில் ஏற்றும் யோசனையும் இருந்தது. கேட்க அழகாக இருக்கும்: மேகசினில் நிரப்பலாம், போல்ட்டை இழுத்து ஓட்டலாம், நிஜச் சண்டைப் பயிற்சி போலவே இருக்கும். அமெரிக்கா 1907 வாக்கில் .22 குழல் போட்ட 1903 ஸ்பிரிங்ஃபீல்டில் ஹாஃபர் தாம்சன் கூடுகளைப் பயன்படுத்தியது. அந்தத் தாம்சன், பிறகு டாமி துப்பாக்கி என்ற சப்மெஷின் கன்னால் பெயர் பெற்ற அதே தாம்சன்தான். பிரிட்டன் 1918இல் ஏறக்குறைய இதே மாதிரி ஒன்றைச் செய்தது. இரண்டும் நிலைக்கவில்லை. ஒவ்வொரு கூட்டையும் பிரித்து, வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளி, துடைத்து, புதியதை நிரப்பி, மூடுவது என்றால் சுடும் நேரத்தை விட நிரப்பும் நேரம் கூடுதலாகிவிடும். அழுக்குப் படிந்தால் கூடு சிக்கும். கூட்டிலிருந்து கிளம்பும் குண்டு சுழல்வரியைப் பிடிப்பதற்கு முன் தாண்ட வேண்டிய தூரமும் துல்லியத்தைக் கெடுக்கும். அமெரிக்கா கடைசியில் 1922 மாடலுக்குப் போனது: நேரடியாக .22 லாங் ரைபிள் தோட்டாவுக்கென்றே செய்த ஸ்பிரிங்ஃபீல்ட். இரண்டு பெரிய ராணுவங்கள் காசும் நேரமும் செலவழித்துக் கைவிட்ட வழியை நாம் மறுபடி தொடங்க வேண்டியதில்லை. சேகரிப்புக்கு வாங்குவது வேறு விஷயம்.

இதன் தம்பியாக இன்றும் கடையில் கிடைப்பது, .303 போன்ற அறைக்குள் .32 ஏ.சி.பி. கைத்துப்பாக்கித் தோட்டாவை வைத்துச் சுட உதவும் அடாப்டர். அந்தக் குண்டின் விட்டம் .303 குழலுக்குக் கிட்டத்தட்ட பொருந்துவதால் இது வேலை செய்யும். குழலையும் போல்ட்டையும் தொட வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் அடாப்டரை வெளியே எடுத்து நிரப்ப வேண்டும். அந்தத் தோட்டா பல இடங்களில் .22 விட விலை கூடியது. அப்படியென்றால் மலிவாகப் பழக வேண்டும் என்ற மூல நோக்கமே அடிபட்டுப் போகிறது. எப்போதாவது பத்துச் சுற்று மெதுவாகச் சுட்டு மகிழ்பவர்களுக்குச் சரி. ஒழுங்காகப் பயிற்சி செய்பவர்களுக்கு வேண்டாம்.

முழுத் தோட்டாக் கூட்டிலேயே குறைந்த மருந்தும் ஈயக் குண்டும் வைத்துச் சுடுபவர்களும் இருக்கிறார்கள். மாற்றம் எதுவும் தேவையில்லை, ரைபிளின் சொந்தக் குழல் சுடுகிறது, நல்ல துல்லியமும் வரும். ஆனால் இது தோட்டா நிரப்பத் தெரிந்தவர்களின் தனி உலகம். பெரிய கூட்டில் சிறிய அளவு மருந்து என்பதால், தவறி இரண்டு முறை நிரப்பினாலும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். மிகக் குறைவாக வைத்தால் குண்டு குழல் நடுவிலேயே நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். அச்சிட்ட, சோதித்த நிரப்பு அட்டவணையைத் தவிர வேறு எதையும் நம்பக் கூடாது. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

சரி, எதையும் மாற்றாமல் ராணுவமே செய்து வைத்த .22 பயிற்சி ரைபிளை வாங்கினால் என்ன? பெரும்பாலானவர்களுக்கு இதுதான் சரியான விடை என்று நினைக்கிறேன். மேலே சொன்ன நம்பர் 2 மார்க் 4 ஒன்று. கனடாவின் லாங் பிராஞ்ச் தொழிற்சாலை செய்த சி நம்பர் 7 இன்னொன்று. பிரிட்டிஷ் கடற்படைக்காக நம்பர் 4 லீ என்ஃபீல்ட் ரைபிள்களை பார்க்கர் ஹேல் மாற்றிக் கொடுத்த நம்பர் 9 உண்டு. 1950 வாக்கில் வந்த நம்பர் 8 பல தலைமுறை கேடட்களுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தது. அது வெறும் லீ என்ஃபீல்ட் வேடம் அல்ல: மேகசின் கிடையாது, துளை வழியே பார்க்கும் நல்ல பின்குறி உண்டு, இலக்குச் சுடுதலுக்கென்றே யோசித்துச் செய்தது. ஜெர்மன் பக்கம் 1930களின் கே.கே.டபிள்யூ. என்ற .22 பயிற்சி ரைபிள்கள் மவுசர் 98கே போலவே அளவும் எடையும் கொண்டவை. இவற்றை வாங்கினால் உங்கள் அசல் ரைபிள் அலமாரியில் பத்திரமாக இருக்கும், பழகுவது அதன் அண்ணன் தம்பியில் நடக்கும். இரண்டு துப்பாக்கிக்கு உரிமமும் பூட்டும் வேண்டும் என்பது மட்டும்தான் கூடுதல் பாரம்.

இதற்குப் பக்கத்தில் மார்ட்டினி கேடட்டையும் சொல்லியாக வேண்டும். முதல் உலகப் போருக்கு முன் ஆஸ்திரேலியக் கேடட்களுக்காக பி.எஸ்.ஏ., கிரீனர் என்ற பிரிட்டிஷ் கம்பெனிகள் .310 காலிபரில் செய்த குட்டி ரைபிள் அது. பின்னாளில் உபரியாக ஏராளமாக விற்பனைக்கு வந்து, பலவும் .22க்கும் வேறு சிறு காலிபர்களுக்கும் குழல் மாறின. மார்ட்டினி அமைப்பில் அடிக்கும் பாகம் நகர வேண்டிய தூரம் குறைவு. விசையை இழுத்ததும் தோட்டா வெடிக்கும் நேரமும் குறைவு. பி.எஸ்.ஏ.வின் புகழ்பெற்ற மார்ட்டினி பந்தய ரைபிள்கள் இந்த அமைப்பின் மேல்தான் எழுந்தன. ராணுவ வாசனையும் வேண்டும், கிளப் போட்டியில் மானமாகவும் சுட வேண்டும் என்பவருக்கு போல்ட் ரைபிளை விட இதுவே பொருத்தம்.

இந்த நேர விஷயம் ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மாற்றிய ரைபிளில் சுடுபவர்களைக் குழப்புவது பெரும்பாலும் இதுதான். லீ என்ஃபீல்டின் அடிக்கும் பாகம் கனமானது, ஓட வேண்டிய தூரமும் அதிகம். அப்புறம் மெதுவான .22 குண்டு அந்த நீளக் குழலைக் கடக்க .303 குண்டை விட இரண்டு மடங்குக்கும் மேல் நேரம் எடுக்கும். ஆயிரத்தில் சில பங்கு நொடிதான், ஆனாலும் அதற்குள் தோள் தளர்ந்தால் குண்டு விலகும். விசையை இழுத்த பிறகும் குறியைப் பார்த்தபடியே அசையாமல் இருக்கும் பழக்கத்தை இந்த ரைபிள்கள் கண்டிப்போடு கற்றுத்தரும். அதனால்தான் கேடட் பயிற்சிக்கு இவை இவ்வளவு நன்றாக உதவின. 50 மீட்டர் சர்வதேச இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ.தான், அதில் தொடர்ந்து விழ வேண்டும் என்றால் நவீன பந்தய ரைபிள் வாங்குங்கள், மாற்றிய ராணுவ ரைபிளிடம் அதை எதிர்பார்ப்பது அநியாயம். விசைக் கட்டுப்பாடும் நிற்கும் நிலையும் மட்டும் வேண்டுமென்றால் 10 மீட்டர் ஏர் ரைபிள் போதும், மலிவும் அதுதான்.

குறிகளைப் பற்றிச் சின்னக் குறிப்பு. பழைய பின்குறியில் பொறித்த தூரங்கள் முழுத் தோட்டாவுக்கானவை, .22க்கு அவை பொருந்தாது. 50 மீட்டருக்குச் சரிசெய்த மெதுவான .22 குண்டு 100 மீட்டரில் ஏறக்குறைய ஒரு சாண் கீழே விழும். 25 அல்லது 50 மீட்டரில் ஒரே தூரத்துக்குக் குறியைப் பொருத்திவிட்டு, இலக்கின் அளவைக் குறைத்து நீண்ட தூரம் போலப் பழகுவதுதான் பழைய மினியேச்சர் கிளப்களின் வழி. இன்றும் அதுவே சிறந்தது. .22 தானே என்று பின்தடுப்பில் அலட்சியம் வேண்டாம். தவறிய குண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும். உள்ளரங்கத் தளமென்றால் காற்றோட்டத்தையும் கேளுங்கள், ஏனென்றால் குண்டிலும் பல .22 தோட்டாக்களின் பிரைமரிலும் ஈயம் இருக்கிறது.

ஏற்கெனவே மாற்றப்பட்ட ரைபிளை வாங்கப் போகிறவர்கள் சில இடங்களைப் பார்த்தே ஆக வேண்டும். குழல் வாயில் உட்குழாயின் வளையம் தெரியும். அது சமமாக, இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். தோட்டா அறையின் விளிம்பில் ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) அடித்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டா இல்லாமல் விசையை இழுத்து இழுத்து முன்னவர் விளையாடியிருந்தால் அங்கே பள்ளம் விழுந்திருக்கும், தோட்டா ஏற்றுவதும் எடுப்பதும் சிக்கலாகும். போல்ட்டின் தலை அதே ரைபிளுக்கானதா, எண் பொருந்துகிறதா என்று கேளுங்கள். .22 விளிம்புக்கான இடைவெளி சுமார் 1.1 மி.மீ.தான், அது கூடிப்போன ரைபிளில் தோட்டா வெடிக்காமல் போகலாம், விளிம்பு கிழியவும் செய்யலாம். அளவுமானி வைத்திருக்கும் தச்சரை ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டு போக முடிந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் அந்த ரைபிளை விட்டுவிடுங்கள்.